குங்குமம் வைத்த கமரா

2024 ஒக்டோபர் 29, செவ்வாய்

கறிக்கு உப்புக் கூடிவிட்டது. கொட்டிவிட்டுப் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டேன்.

கௌசி மெல்பேர்னுக்குப் போகும்போது மிளகாய்த்தூள் வறுத்து இடித்துப் போத்தல்களில் அடைத்து வைத்துவிட்டுப் போனாள். "தைப்பொங்கல் மட்டுக்கும் காணும். அதுக்கிடையில நான் வந்திடுவன்" என்றாள். அது ஓகஸ்டில். மகள் மிதுனாவின் இரண்டாவது பிள்ளைப்பேறு பார்க்கப் போனவள். பிள்ளை பிறந்து, துடக்குக் கழிந்து, பெயரும் வைத்தாயிற்று. இப்போது புதுக் கதை: "மிதுனா வேலைக்குப் போகவேணும், பிள்ளையை ஆரப்பா பாக்கிறது?"

வெள்ளவத்தையில் எந்தத் தொடர்மாடியில் ஏறினாலும் என்னைப்போல ஒருவன் இருப்பான். பெண்சாதியைப் பிள்ளைப்பேறுக்கு அனுப்பிவிட்டு, பிளற்றுக்குக் காவல் இருந்துகொண்டு, சோற்றுப் பானையோடு மல்லுக்கட்டுகிறவன். பெண்சாதியை இரவல் கொடுத்தோர் சங்கம் என்று ஒன்று தொடங்கலாம். தலைவர் பதவிக்குப் போட்டி கடுமையாக இருக்கும்.

லிஃப்ற்றில் எதிர்வீட்டு அருந்ததி. "அண்ணை, அக்கா எப்ப வாறா?" கண்ட நேரமெல்லாம் இதே கேள்வி. "பொங்கலுக்கு" என்றேன். பெரிய இவன் மாதிரிச் சொன்னேன்.

பின்னேரம் கௌசியோடு ஃபோனில் சண்டை. "பொங்கலுக்கு வாறதைப் பற்றி இப்ப ஒண்டும் சொல்லேலாது" என்றாள். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. "நீ வராட்டில் நான் கடலுக்குள்ள போறன்!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யன்னலுக்கு வெளியே கடல் இருந்தது, வாயில் வந்துவிட்டது. மலை இருந்திருந்தால் மலையைச் சொல்லியிருப்பேன்.

ஒக்டோபர் 30

காலமை கதவைப் போட்டு இடித்தான் கிஷாந்த். கௌசியின் ஒன்றுவிட்ட தங்கச்சியின் மகன். மிதுனா மெல்பேர்னில் இருந்து அழுதுகொண்டு எடுத்தாளாம் — அப்பா கடலுக்குள் விழப்போகிறாராம், ஓடிப்போய்ப் பார் என்று. வந்தவன் என்னைப் பார்க்காமல் முதலில் பல்கனியை எட்டிப் பார்த்தான்!

மானம் போய்விட்டது. சாரத்தோடு நின்றுகொண்டு, "டேய், நான் சொன்னது சுழியோடப் பழகிறதை. சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள்ள போறது. விளங்காட்டில் கேக்கிறதில்லையே?" என்றேன். எங்கிருந்து அந்தப் பொய் வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. அவன் லிஃப்ற்றால் இறங்கி முடிவதற்குள் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டுவிட்டான்.

நவம்பர் 9, சனி

சொன்ன பொய்யை மெய்யாக்க வேண்டியதாகிவிட்டது. டொக்டர் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, "இந்த வயசில உமக்கு ஏன் குலம் இந்த விசர்?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

கல்கிசையில் கடற்கரையோரம் சுழியோட்டம் பழக்குகிற இடம். நடத்துகிறவர் அப்ஹாம், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், பொறுமைசாலி. முதலில் நீச்சல் குளத்தில்தான். "மூச்ச அடக்க வாணாம் அங்கிள். அடக்கினாத்தான் ஆபத்து. இழுங்க, விடுங்க. அவ்வளவுதான்." கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூட நாளில் பழகிய நீச்சல் மறக்கவில்லை. வாயால் மூச்சு விடுவதுதான் சனியனாக இருக்கிறது.

என்னோடு பழகுகிறவர் ஒரே ஒருவர், நளீபா. அப்ஹாமின் தாயின் அக்கா. தெமட்டகொடையில் மருந்துக்கடை நடத்துகிறார். கணவர் காலமாகிவிட்டார். தலையோடு ஒட்டின கறுப்பு ரப்பர் உடுப்பு, முகம் மட்டும் வெளியே. ஏன் பழக வந்தீர்கள் என்று கேட்டேன். "மகளும் மருமகனும் கட்டாருக்குப் பெய்த்தாங்க. நான் ஊட்டுல குந்திக்கிட்டு செவத்தப் பாத்துட்டு ஈக்கவா?" என்றார். பிறகு என்னைத் திருப்பிக் கேட்டார். உடம்புக்கு நல்லதாம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

எனக்கும் கடலுக்கும் உள்ள உறவு வேறு. காலமெல்லாம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கப்பல் சாமான் நட்டம் பார்த்தவன் நான். கடல்தண்ணி பட்ட சீனி மூட்டை, ஊறிப்போன கடுதாசி, துருப்பிடித்த தையல் மெசின். சேதத்தில் மருந்துத் துளி விட்டு, வெள்ளையாகத் திரிந்தால் உப்புத்தண்ணி என்று எழுதுவேன். அந்தக் கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்தது கிடையாது.

நவம்பர் 24, ஞாயிறு

இன்று உண்மையான கடல். வள்ளத்தில் போய்ப் பின்பக்கமாகச் சரிந்து விழவேண்டும். விழுந்தேன். கண்ணாடிக்குள் தண்ணி, காதுக்குள் குத்து. பிறகு கீழே போனோம்.

பாறை. பச்சை வெளிச்சம். என் மூச்சின் சத்தம் மட்டும். ஒரு பெரிய கூட்டம் மஞ்சள் மீன் என்னைச் சட்டை செய்யாமல் விலகிப் போனது. அங்கே கீழே ஒருவரும் என்னிடம் அக்கா எப்ப வாறா என்று கேட்கவில்லை. எவ்வளவு நிம்மதி.

வந்ததும் கௌசிக்கு எடுத்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மீனில் தொடங்கினேன். "தலையை வடிவாத் துவட்டினீங்களே? சளி பிடிக்கும்" என்றாள். பிள்ளை அழுதது. வைத்துவிட்டாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

மிதுனா மெல்பேர்னில் இருந்து வந்த ஒருவரிடம் கமரா கொடுத்து விட்டிருக்கிறாள். புத்தம் புதியது, உள்ளங்கை அளவு. அதைப் போட்டுப் பூட்டிக் கடலுக்குள் கொண்டுபோகக் கட்டியான பிளாஸ்ரிக் கூடு ஒன்று. மூடும் விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், அதுதான் தண்ணியை வெளியே நிறுத்துகிறது. "அப்பா, உங்கட புதுப் பொழுதுபோக்குக்கு" என்று ஒரு அட்டை.

பார்த்துக்கொண்டே இருந்தேன். பெண்சாதிக்குப் பதிலாகக் கமரா. நல்ல மாற்று! நட்ட ஈடு கொடுத்துப் பைலை மூடுகிறாள் என் மகள். தகப்பனின் தொழிலை நன்றாகத்தான் பழகியிருக்கிறாள்.

கௌசி வீடியோவில் கமராவைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னாள். "என்னப்பா, சாமிக்கு வைக்காமல் மட்டும் பாவிச்சிடாதேங்கோ. புதுச் சாமான்." சரி என்றேன். இந்த விஷயத்தில் நான் என்றைக்கு மறுத்தேன்? எங்கள் வீட்டில் கார் தொடங்கி ரைஸ் குக்கர் வரைக்கும் முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குச் சேர்ந்தவை.

டிசம்பர் 13, வெள்ளி, கார்த்திகை விளக்கீடு

ஜிந்துப்பிட்டிக்குப் போனேன். கொட்டாஞ்சேனையில் இருந்த காலம் தொட்டு எங்களுக்கு அந்த முருகன்தான். ஐயர் கமராவைக் கையில் வாங்கி, "என்ன இது, பெட்டிக்குள்ள ஒரு பெட்டி?" என்றார். விளக்கினேன். "அப்ப ரெண்டையும் திறவுங்கோ" என்று, கமராவுக்கு ஒரு சந்தனப் பொட்டு, கூட்டுக்கு ஒரு பொட்டு, உள்ளுக்கும் ஒன்று, அதன்மேல் குங்குமம். தாராள மனசு. காருக்குப்போல தேசிக்காய் நசிக்கச் சில்லு இல்லை என்பதுதான் குறை. முன்னால் வைத்துத் தீபம் காட்டித் தந்தார்.

வீட்டுக்கு வந்து கைலேஞ்சியால் துடைத்தேன். கௌசிக்கு வீடியோ அனுப்பினேன். பதிலுக்குக் கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்தன. அவளுக்குச் சந்தோசம் என்றால் எனக்கும் ஏதோ ஒன்று நடக்கிறது, சொல்லத்தான் வேண்டும்.

டிசம்பர் 15, ஞாயிறு

செத்துப் போச்சு. கமரா.

கீழே போய்க் கொஞ்ச நேரம். ஒரு படம் எடுத்தேன். இரண்டாவதற்குக் கூட்டைத் தூக்கினால் உள்ளுக்குள் ஒரு குமிழ் ஓடுகிறது. வெளியில் இருக்கவேண்டிய குமிழ். பிறகு அடியில் தண்ணி, கமராவின் வயிறு வரைக்கும், கழுத்து வரைக்கும். திரையில் ஊதாக் கோடு. பிறகு ஒன்றுமில்லை. கையில் பிடித்துக்கொண்டே பார்த்தேன், என்ன செய்ய முடியும்?

வள்ளத்தில் அப்ஹாம் கேட்டார்: "அங்கிள், வெறுங் கூட்டுக்குள்ள டிஷ்யூ வெச்சி மொதல்ல எறக்கிப் பாத்தீங்களா? செல்லி ஈந்தேனே."

சொன்னவர்தான். நான் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று அவரிடம் சொல்ல முடியவில்லை. சாமிக்கு வைத்தாயிற்று, இனி என்ன சோதனை என்று இருந்துவிட்டேன். முருகன் பொறுப்பு எடுத்தபிறகு டிஷ்யூ எதற்கு என்று. நளீபா துவாயை நீட்டினார், கமராவைத் துடைக்க.

டிசம்பர் 16

மேசையில் பேப்பர் விரித்து, பூதக்கண்ணாடி எடுத்து, பழைய வேலையைச் செய்தேன். கூட்டில் வெடிப்பு இல்லை. பூட்டுச் சரி. ரப்பர் வளையத்தைக் கழற்றினேன். அது இருக்கும் பள்ளத்தில் காய்ந்துபோன சந்தனம், அதில் ஒட்டிக்கொண்டு குங்குமப் பொருக்கு. கடுகளவு. அதற்குக் கீழால் கடல் வந்திருக்கிறது.

நட்டத்துக்குக் காரணம்: ஆசீர்வாதம். ஆரிட்டைப் போய் கிளெய்ம் பண்ணுறது?

கௌசிக்குச் சொன்னேன். என் சந்தனத்தையும் குங்குமத்தையும் விளக்கமாகச் சொன்னேன். "கண்ணூறு போச்சு எண்டு நினையுங்கோ. உங்களுக்கு வர இருந்தது கமராவோட போட்டுது" என்றாள்.

ஐயர் பொட்டு வைத்திருக்காவிட்டால் கமராவும் இருந்திருக்கும், நானும் இருந்திருப்பேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் மற்றதைச் சொன்னாள். பொங்கலுக்குச் சரிவராதாம். சித்திரைக்குப் பார்ப்பமாம்.

பார்ப்பம்! என்னத்தைப் பார்க்கிறது? நான் என்ன, வீடு பார்க்க வைச்ச ஆளோ? ஒரு மனுசன் எவ்வளவு நாளைக்குத்தான் பொறுக்கிறது? வயசு போன நேரத்தில பக்கத்தில இருக்கத்தானே கலியாணம் கட்டினது —

எழுதிப் பிரயோசனம் இல்லை. படுக்கிறேன்.

2025 ஜனவரி 4, சனி

மருதானையில் கமரா திருத்துகிற கடை. கடைக்காரர் திறந்தார், மோந்து பார்த்தார், "இவராய் மஹத்தயா" என்றார். முடிந்தது, இனி உயிரில்லை.

அதே கமரா, வேறொன்று வாங்கினேன். என் காசில். கோயிலுக்குக் கொண்டுபோகவில்லை. கௌசிக்கும் சொல்லவில்லை. கலியாணம் கட்டியதில் இருந்து அவளுக்குச் சொல்லாமல் நான் வாங்கிய முதல் சாமான் இதுதான் என்று நினைக்கிறேன்.

வெறுங் கூட்டுக்குள் டிஷ்யூவை வைத்து வாளித் தண்ணியில் அமுக்கிப் பிடித்தேன். எடுத்தால், டிஷ்யூ காய்ந்தபடி. முருகா, குறைநினையாதை.

ஜனவரி 14, பொங்கல்

ரைஸ் குக்கரில் பொங்கினேன், அடிப்பிடித்தது. அருந்ததி ஒரு தட்டில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து தந்தா. "அக்கா வரேல்லையோ அண்ணை?"

"சித்திரைக்கு."

மிளகாய்த்தூள் இன்றோடு முடிந்தது. போத்தலின் அடியைக் கரண்டியால் சுரண்டினேன். கணக்காகத்தான் இடித்து வைத்தாள், பொங்கல் மட்டுக்கும் என்று. தூள் சொல்லைக் காப்பாற்றியது.

ஜனவரி 26, ஞாயிறு

என் படங்களை வள்ளத்தில் வைத்துப் பார்த்தோம். நீலம். நீலம். நீலத்துக்குள் ஒரு வால். என் பெருவிரல். நளீபா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றை உற்றுப் பார்த்தார். "இது மீன்ட படமா, மீன் போன பாதைட படமா?"

அப்ஹாம் மட்டும் சிரிக்கவில்லை. தண்ணிக்கடியில் சிவப்புத்தான் முதலில் சாகுமாம். கொஞ்சம் இறங்கினாலே சிவப்பெல்லாம் சாம்பலாகிவிடும், லைட் அடித்தால்தான் திரும்பி வரும். "தூரத்துல நிண்டு எடுக்க வாணாம். உங்களுக்கும் மீனுக்கும் நடுவுல ஈக்கிய தண்ணிதான் எதிரி. கிட்டப் போங்க, இன்னம் கிட்டப் போங்க. ஆனா மண்ணைக் கிண்ட வாணாம்."

கிட்டப் போனேன். காலில் மாட்டிய துடுப்பு மண்ணைக் கிளப்பியது. லைட் அடிக்க, இடியப்ப மாவைக் கொட்டின மாதிரி ஒரு படம். மீன் எங்கேயோ, மாவு மட்டும் தெளிவாக.

பெப்ரவரி 9, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

தண்ணிக்குக் கீழே ஒவ்வொருவருக்கும் ஒரு சோடி. எனக்கு நளீபா, அவருக்கு நான். சில மூச்சுக்கு ஒருதரம் திரும்பிச் சோடியைப் பார்க்கவேண்டும், கைவிரலை வட்டமாக்கிச் சுகமா என்று கேட்கவேண்டும், அவர் வட்டம் காட்டவேண்டும். முதல்நாளே சொல்லித்தந்த சட்டம்.

பாறை இடுக்கில் ஒரு விலாங்கு வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் கிட்டப் போனேன். இன்னும் கிட்டப் போனேன். முதல்தடவையாகப் படத்தில் ஒரு கண் தெளிவாக வந்தது. எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தால் நளீபா இல்லை.

பின்னால் பாறை வளைவில் இருந்தார். யாரோ மீன்பிடிக்கப் போட்டு அறுத்துவிட்ட தங்கூசி நூல் சிலிண்டரின் கழுத்தில் சுற்றி, பாறையோடு கட்டிப் போட்டிருந்தது. அப்ஹாம் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். நளீபா அசையாமல், கையைக் கட்டிக்கொண்டு, என்னையே பார்த்தபடி.

மேலே வந்து முகக்கண்ணாடியைக் கழற்றியதும் கிழி கிழி என்று கிழித்தார். "குலம் சேர், நான் லைட்ட ஆட்டுறேன், டாங்கில தட்டுறேன், நீங்க திரும்பவே இல்ல. உங்களுக்குப் பின்னால ஒரு மனுசி ஈக்கிறது உங்களுக்கு மறந்து பெய்த்து. படம் எடுக்கத் தனியா வார எண்டா தனியா வாங்க. எனக்கு என்ட உசிரு வேணும்."

மன்னிப்புக் கேட்டேன். "பாப்பம்" என்றார்.

பெப்ரவரி 10

விலாங்கின் படத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அழித்துவிட்டேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

நல்ல பிள்ளையாக நடக்கிறேன். ஒரு படம், ஒரு திரும்பல். ஒரு படம், ஒரு திரும்பல். வட்டம் கேட்டால் வட்டம் வருகிறது. நளீபா இன்று வள்ளத்தில் தோடம்பழம் உரித்து எனக்கும் ஒரு பாதி தந்தார்.

கௌசி சித்திரைப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால்தானே இல்லை என்று சொல்லலாம்?

மார்ச் 8, சனி

நோன்பு. அப்ஹாம் பெருநாள் வரைக்கும் வள்ளம் இறக்கமாட்டார். வாய்க்குள் கடல்தண்ணி போகாமல் சுழியோட முடியாதே.

பல்கனியில் சலவைப் பேசினில் தண்ணி நிரப்பி, கரண்டியையும் தக்காளியையும் போட்டுக் கமராவால் பழகினேன். பேசினுக்குள் தலையைக் கவிழ்த்தபடி நான் இருக்க, அருந்ததி தன் பல்கனியில் இருந்து பார்த்துவிட்டா. "அண்ணை, சுகமாத்தானே இருக்கிறீங்கள்?" என்றா. நல்ல காலம், கிஷாந்தைக் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 5, சனி

என் வாழ்க்கையின் முதல் படம்.

நோன்புப் பெருநாள் முடிந்து முதல் ஓட்டம். பருவம் முடியப் போகிறது, தண்ணி கலங்க முன் இன்னும் ஒன்றிரண்டு தரம்தான் என்றார் அப்ஹாம். பாறைக் கூரைக்குக் கீழே ஒரு தும்பி மீன். செட்டையை எல்லாம் விரித்துக்கொண்டு, கோயில் சாமரம் வீசுகிற மாதிரி, அவசரமே இல்லாமல். மண்ணைக் கிண்டாமல் கிட்டப் போனேன். மூச்சைப் பாதி விட்டேன். அமுக்க முன் பழக்கத்தில் பக்கத்தில் பார்த்தேன். நளீபா கையை நீட்டி வட்டம் காட்டினார். அந்த நேரம் அமுக்கினேன்.

லைட் இரண்டிலும் பட்டது. தும்பியின் சிவப்பு வரி ஒவ்வொன்றும், கண்ணின் கறுப்பு, ஓரத்தில் அந்தக் கை. பெருநாள் மருதோன்றி நகத்தில் செக்கச்செவேல் என்று. தண்ணி தின்ற சிவப்பெல்லாம் திரும்பி வந்துவிட்டது. அப்ஹாம் திரையைப் பார்த்து, "மாஷா அல்லாஹ், அங்கிள்" என்றார். நளீபா, "என்ட கை இவ்வளவு கிழடா?" என்றார்.

குடும்ப வட்ஸ்அப்பில் போட்டேன். கீழே "நான் எடுத்தது" என்று எழுதினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தும்பியை ஒரு குருடரும் காணவில்லை.

"அத்தான், அந்தக் கை ஆற்றை?" — ரொறன்ரோவில் இருந்து கௌசியின் தங்கச்சி. "மருதோன்றி போட்ட மீனோ பெரியப்பா?" என்று ஒரு பெறாமகன். லண்டனில் இருந்து வெறும் கேள்விக்குறி. மிதுனா தனியாக: "அப்பா, ஆரது?"

கௌசி பார்த்துவிட்டாள். அவள் பெயருக்கு நேரே இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது. ஒன்றும் எழுதவில்லை.

உண்மையை இங்கேதான் எழுதலாம். எனக்குச் சந்தோசம். உள்ளுக்குள் துள்ளுகிறேன். கலியாணம் கட்டின புதிதில், கந்தோரில் ஒரு பிள்ளை கட்டிய சீலை வடிவு என்று வாய் தவறிச் சொன்னதற்கு ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதையாதவள் கௌசி. அந்தக் கௌசி இதை விடுவாளா? பத்திரகாளியாக நிற்பாள். அடுத்த பிளேனில் ஏறுவாள். வரட்டும், வந்து கிழிக்கட்டும்! நளீபாவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறேன், இரண்டு பேரும் சேர்ந்தே கிழிக்கட்டும்.

ஏப்ரல் 7

இன்னும் எடுக்கவில்லை. வீடு முழுக்கக் கூட்டித் துடைத்தேன். சமையல் அலுமாரியில் மிளகாய்த்தூள் போத்தல்களைக் கழுவி வெய்யிலில் காயவைத்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

எடுத்தாள்.

"ஆரப்பா அந்த மனிசி?"

சொன்னேன். நளீபா, அப்ஹாமின் பெரியம்மா, தெமட்டகொடையில் மருந்துக்கடை. வேண்டுமென்றே கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"நல்ல மனிசியே?"

"ஓம்."

"உங்களைக் கவனமாப் பாக்கிறவவே?"

"தண்ணிக்குக் கீழ நான் அவவைப் பார்க்கவேணும், அவ என்னைப் பார்க்கவேணும். அது சட்டம்."

இனி இடிக்கும் என்று காத்திருந்தேன். ஒரு பெருமூச்சு வந்தது.

"அப்பாடா" என்றாள். "அண்டைக்கு நீங்கள் கடலுக்குள்ள போறன் எண்டு சொன்ன நாள் தொட்டு எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லையப்பா. தனிய விட்டிட்டு வந்திட்டனே, ஏதும் செய்துபோடுவாரோ எண்டு ஒரே பயம். அதாலதான் வரமாட்டன் எண்டு சொல்லாமல், சித்திரைக்குப் பார்ப்பம் எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான். இப்ப அந்தக் கையைப் பாத்தவுடனதான் எனக்கு மனம் ஆறினது. பக்கத்தில ஒராள் இருக்கு. இனிப் பயமில்லை. வீசாவை நீட்டச் சொல்லி மிதுனாவுக்குச் சொல்லிப்போட்டன். பிள்ளை பள்ளிக்கூடம் போகுமட்டும் இஞ்ச இருக்கிறன் என்ன?"

கோபத்தில் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் அன்பாகச் சொன்னாள். என்னை விட்டுவிடுவதற்கு இவ்வளவு அன்பு இருந்திருக்கிறது அவளிடம்.

"சரி" என்றேன்.

ஏப்ரல் 9

அப்ப அவள் வரமாட்டன் எண்டு சொல்லாமல் இருந்தது என்ர விசர்க் கதையாலதான். பயத்திலதான் சித்திரைக்குப் பார்ப்பம் எண்டது. பேசாமல் இருந்திருக்கலாம். நீலத்துக்குள்ள வாலைப் படம் எடுத்துக்கொண்டு, ஒண்டும் பழகாமல், தனிய இருக்கிற கிழவனா இருந்திருக்கலாம். திரும்பிப் பார்க்கப் பழகினன். அதால கை விழுந்திது. கை விழுந்ததால அவள் —

நல்லாப் படம் எடுக்கப் பழகினதுக்குக் கிடைச்ச பரிசு.

ஏப்ரல் 14, வருசப்பிறப்பு

கௌசி எடுத்தாள். வாழ்த்துச் சொன்னாள். பேரன் என்னைப் பார்த்துப் பல்லில்லாமல் சிரித்தான். அவனோடு எனக்குக் கோபமில்லை.

மாதக் கடைசியில் கிஷாந்த் படிக்க மெல்பேர்னுக்குப் போகிறான். அவனிடம் சில சீலைகள் கொடுத்து விடட்டாம். "அப்பிடியே என்ர கூறையையும் வையுங்கோப்பா. அங்க உப்புக் காத்தில அலுமாரிக்குள்ள கிடந்து பூஞ்சணம் பிடிச்சிடும்."

நான் தாலி கட்டின நேரம் அவள் உடுத்திருந்த சீலை. வெள்ளவத்தை உப்புக் காற்றில் இவ்வளவு காலம் பிடிக்காத பூஞ்சணம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கடல் கலங்கிவிட்டது. அப்ஹாம் வள்ளத்தைக் கரையேற்றிவிட்டார். இனி மழைக்காலம் முடியுமட்டும் இந்தப் பக்கம் இல்லை.

காலமை கூறையை எடுத்தேன். சிவப்பு அப்படியே இருக்கிறது, சரிகையில் மட்டும் கொஞ்சம் மங்கல். நனைந்த சாமானிலேயே காலத்தைக் கழித்தவன் நான், பொதி கட்ட எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டாம். பெட்டிக்குள் அடைத்த துணி வேர்க்கும், பிளேனின் குளிரில் இன்னும் வேர்க்கும். பருத்தித் துணியில் சுற்றி, கமராக் கூட்டுக்குள் ஈரம் பிடிக்காமல் போடுகிற சின்னச் சின்ன உலர்த்திப் பைகள் இருந்தன, அவ்வளவையும் எடுத்து மடிப்புக்கு மடிப்பு வைத்தேன். எனக்கு இனி வேறு வாங்கவேண்டும். மடிப்புக்குள் பழைய குங்குமப் பொருக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டிவிடக் கையை வைத்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

பத்து மணிக்குக் கிஷாந்த் வந்து பெட்டியைத் தூக்கினான். "பெரியப்பா, பெரியம்மாவுக்கு ஏதும் சொல்லவேணுமோ?"

"சீலை நனையாமல் வந்ததோ எண்டு பார்க்கச் சொல்லு."

அவனை லிஃப்ற் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். அருந்ததி சந்தைப் பையோடு வெளியே வந்தா. பெட்டியைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "என்ன அண்ணை, நீங்களும் வெளிக்கிட்டாச்சோ? இல்லாட்டில் அக்கா வாறாவோ?"

"இல்லை. அவ அங்கதான்."

அருந்ததி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நெடுக ஒரே கேள்வியைக் கேட்டு என் உயிரை எடுத்தவ, கேட்காமல் விட்டதும் எனக்கு என்னவோபோல இருந்தது.

உள்ளே வந்து ஃபோனைப் பார்த்தேன். நளீபா எழுதியிருக்கிறார்: "அடுத்த மாசம் திருகோணமலைல கடல் நல்லமாம். அப்ஹாம் வேன் போடுறான். வாரீங்களா? என்ட பின்னால யாரு ஈப்பாங்க எண்டு எனக்குத் தெரியோணும்."

வாறன் என்று எழுதினேன். பிறகு கூறை இருந்த தட்டைத் துடைத்துவிட்டு, அதில் கமராவை வைத்தேன்.